இரட்டைப் பாதையில் கிராஸ்ஓவர்: மாடல் ரயிலுக்குச் சரியான பாயிண்ட் வாங்குவது எப்படி?

ஒரு வட்டப் பாதையில் ரயிலைச் சுற்றவிட்டவருக்கு அடுத்து வருகிற ஆசை, அதற்குள்ளே இன்னொரு வட்டம். இரண்டு ரயில்கள் எதிரெதிரே ஓடும். வீட்டுப் பிள்ளைகளும் வந்து நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சலித்து, வெளிப்பாதையில் ஓடும் ரயிலை உள்பாதைக்குக் கொண்டுவர முடியாதா என்று தோன்றும். அதற்குத்தான் கிராஸ்ஓவர்: இணையாகக் கிடக்கும் இரண்டு பாதைகளைச் சாய்வாக இணைக்கும் குறுக்குப் பாதை. பாதைக்கு ஒன்றாக இரண்டு பாயிண்ட் (ரயிலைக் கிளைப் பாதைக்குத் திருப்பிவிடும் தண்டவாளத் துண்டு) சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, கைக்குக் கிடைத்ததை வாங்கிப் பொருத்துகிறவர்கள் ஏராளம். பிறகு நீளமான பெட்டி மட்டும் அந்த இடத்தில் தடம்புரளும். சின்ன இன்ஜின் நட்டநடுவில் நின்றுவிடும். கன்ட்ரோலர் ஷார்ட் காட்டி அடங்கும்.

என் கட்சி இதுதான்: லேஅவுட்டில் வேறு எங்கு வேண்டுமானாலும் இடத்தை மிச்சம் பிடியுங்கள், மெயின் லைன் கிராஸ்ஓவரில் பிடிக்காதீர்கள். யார்டில் கூர்மையான பாயிண்ட்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம்; அங்கே வண்டி ஊர்ந்துதான் போகும், வளைவும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். கிராஸ்ஓவரில் வளைவு ஒரு பக்கம் திரும்பிய கையோடு மறுபக்கமும் திரும்புகிறது. யார்டில் பிழைத்துக்கொள்ளும் பாயிண்ட் இங்கே பிழைக்காது.

கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் எச்ஓ அளவுக்கானவை: 1:87 விகிதம், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டனின் ஓஓ மாடல்கள் 1:76 விகிதம் என்றாலும் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். ‘என்’ (N) அளவுக்காரர்களுக்கு விகிதம் 1:160, தண்டவாளம் 9 மி.மீ.; நீளங்களை ஏறத்தாழ பாதியாக்கிக்கொள்ளலாம்.

உறுப்புகளின் பெயர்களை மட்டும் முதலில் பார்த்துக்கொள்வோம். பாயிண்ட்டில் நகர்வது இரண்டு பிளேடுகள். அவற்றைச் சேர்த்து இழுப்பது டை பார். பிளேடு போய் ஒட்டும் வெளித் தண்டவாளம் ஸ்டாக் ரெயில். இரண்டு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவ இடம் ஃப்ராக்; நம் ரயில்வேக்காரர்கள் இதைக் கிராசிங் என்பார்கள். அதற்கு எதிரே சக்கரத்தைப் பிடித்துச் செலுத்துவது செக் ரெயில்.

முதல் படி: மிக நீளமான பெட்டியை அளப்பது

பாயிண்ட் வாங்கப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அளவுகோல். உங்களிடம் இருப்பதிலும், அடுத்த ஆண்டு வாங்க நினைத்திருப்பதிலும் மிக நீளமானது எது? பழைய அமெரிக்க 40 அடி சரக்கு வேகன் எச்ஓ அளவில் சுமார் 14 செ.மீ.தான். பெரம்பூர் ஐசிஎஃப் தயாரித்த நீலப் பெட்டிகளின் உடல் 21.3 மீட்டர், மாடலில் 24.5 செ.மீ. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய எல்எச்பி பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர், மாடலில் 27 செ.மீ.க்கு மேலே வரும். அமெரிக்காவின் 85 அடிப் பயணிகள் பெட்டியோ 30 செ.மீ.யை எட்டிவிடும்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மேலிருந்து பார்த்தால் புரியும். இரண்டு நீளப் பெட்டிகளைக் கோத்துக் கையால் மெல்ல கிராஸ்ஓவரில் தள்ளுங்கள். பெட்டியின் இரு முனைகளும் போகிகளை (அடியில் இருக்கும் சக்கரச் சட்டங்களை) தாண்டி வெளியே நீண்டிருக்கின்றன. முன்பெட்டி இரண்டாம் வளைவில் இருக்கும்போது அதன் வால் ஒரு பக்கம் ஒதுங்கும். பின்பெட்டி இன்னும் முதல் வளைவில் இருப்பதால் அதன் தலை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். நடுவில் இருக்கும் கப்ளிங் இரண்டு பக்கமும் இழுபடும். இழுத்துக்கொண்டு போகும்போது ஒருவேளை தாங்கிவிடும். பின்னோக்கித் தள்ளினால் பஃபர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொள்ளும், எடை குறைந்த பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பும். கிராஸ்ஓவரில் முன்னால் போகும் ரயில் விழாமல், பின்னால் வரும்போது மட்டும் விழுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே மிக நீளமான பெட்டியின் அளவுக்கு நேர்ப்பாதை இருக்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பல காலமாகச் சொல்லப்படும் விதி. கிராஸ்ஓவரில் அந்த நேர்ப்பாதை எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: எண்ணைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்க முறையில் பாயிண்ட்டுக்கு எண் உண்டு. நம்பர் 6 என்றால், ஃப்ராக்கிலிருந்து ஆறு பங்கு தூரம் போனால் இரண்டு பாதைகளும் ஒரு பங்கு விலகியிருக்கும். எண் கூடக்கூடக் கோணம் குறையும், வளைவு மென்மையாகும், பாயிண்ட் நீளும். நம்பர் 4-இன் கோணம் சுமார் 14.25 டிகிரி, 5-க்கு 11.4, 6-க்கு 9.5; 8-க்கு 7.15. இந்திய ரயில்வேயும் இதே வழக்கத்தில்தான் 1-க்கு 8.5, 1-க்கு 12 என்கிறது. பயணிகள் ரயில் பக்கப் பாதைக்குத் திரும்பும் இடங்களில் பொதுவாகக் காண்பது 1-க்கு 12. அது நிஜத்தில் சுமார் 40 மீட்டர் நீளம். அப்படியே எச்ஓ அளவுக்குக் குறைத்தால் ஒரு பாயிண்ட்டே 46 செ.மீ. கிராஸ்ஓவர் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். வீட்டில் அதற்கு யாருக்கு இடம் இருக்கிறது? மாடல் உலகம் 4, 6, 8 என்று இறங்கிவந்தது இதனால்தான்.

இப்போது கணக்கு. இரண்டு பாதைகளின் மையங்களுக்கு இடையே 50.8 மி.மீ., அதாவது 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தண்டவாள இடைவெளியை இரண்டு முறை கழித்தால் மிஞ்சுவது 17.8 மி.மீ. இதைப் பாயிண்ட் எண்ணால் பெருக்கினால், ஒரு ஃப்ராக் முனையிலிருந்து அடுத்த ஃப்ராக் முனை வரையிலான தூரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். நம்பர் 4-க்கு 7 செ.மீ., 6-க்கு 10.5 செ.மீ., 8-க்கு 14 செ.மீ. ஃப்ராக்கை ஒட்டி இருபுறமும் இன்னும் சிறிது நேர்ப்பாதை சேரும். அப்படியும் 27 செ.மீ. பெட்டிக்கு எந்த எண்ணும் முழு நேர்ப்பாதையைத் தரவில்லை. விதியை முழுதாகக் காப்பாற்ற முடியாதபோது, மீறலின் கடுமையைக் குறைப்பதுதான் வழி: வளைவு மென்மையாக இருந்தால் முனைகள் ஒதுங்குவதும் குறையும், நேர்ப்பாதை பற்றாமல் போனாலும் வண்டி தாங்கும்.

நாலு சக்கர வேகன்கள், 40 அடிப் பெட்டிகள், சிறிய டீசல் இன்ஜின் மட்டும் என்றால் நம்பர் 4 அல்லது 5 போதும். 24 முதல் 27 செ.மீ. வரையிலான பயணிகள் பெட்டிகளுக்கு நம்பர் 6-க்குக் கீழே இறங்காதீர்கள். 30 செ.மீ. பெட்டிகளை முழு வேகத்தில் விட ஆசைப்படுகிறவர் நம்பர் 8-க்கு இடம் ஒதுக்கட்டும். எதுவும் முடிவாகவில்லை என்றால் 6 வாங்குங்கள். அதை வாங்கி வருந்தியவரைக் காண்பது அரிது.

எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அட்லஸ் கஸ்டம் லைன் வரிசையில் நம்பர் 4 என்று விற்கப்படும் பாயிண்ட்டின் கோணம் 12.5 டிகிரி, கணக்குப்படி அது 4.5. அதை வேறொரு நிறுவனத்தின் நம்பர் 4-உடன் ஜோடி சேர்த்தால் பாதைகள் இணையாக வராது.

எண்ணே இல்லாத பாயிண்ட்கள்

பிரிட்டனின் பெக்கோ ஸ்ட்ரீம்லைன் வரிசையில் எண் கிடையாது. வளைவின் ஆரத்தை வைத்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என்பார்கள். கோட் 100 தண்டவாளத்தில் (கோட் என்பது தண்டவாள உயரத்தின் குறி) இவற்றின் ஆரம் முறையே 610, 914, 1524 மி.மீ.; நீளம் 185, 219, 258 மி.மீ. மூன்றுக்கும் கோணம் ஒன்றே, 12 டிகிரி. எந்த இரண்டைச் சேர்த்தாலும் பாதைகள் 50.8 மி.மீ. இடைவெளியில் இணையாக வந்து நிற்கும். இடம் நெருக்கினால் ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்றுகூடப் போடலாம். இந்த வரிசையில் வளைவு ஃப்ராக் வழியாகவும் தொடர்வதால் மேலே போட்ட பெருக்கல் கணக்கு இதற்குச் செல்லாது. ஆரத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பயணிகள் பெட்டிகளுக்குக் குறைந்தது நடுத்தரம். சிறியதைச் சரக்குக் கொட்டகைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிறியது இரண்டு போட்ட கிராஸ்ஓவர் சுமார் 37 செ.மீ., பெரியது இரண்டு போட்டது சுமார் 51 செ.மீ. அந்த 14 செ.மீ.யை மிச்சப்படுத்தித்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

தொடக்கநிலைப் பெட்டிகளில் வரும் செட்-டிராக் பாயிண்ட்கள் இன்னும் கூர்மை. பெக்கோ செட்-டிராக்கில் ஆரம் 438 மி.மீ., கோணம் 22.5 டிகிரி, பாதை இடைவெளி 67 மி.மீ. இதைக் கொண்டு கிராஸ்ஓவர் அமைக்கலாம், குட்டி வேகன்கள் ஓடவும் செய்யும். எல்எச்பி பெட்டிகளை அதில் பின்னோக்கித் தள்ளும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். மெர்க்லின் சி-டிராக்கில் இரண்டு வகை உண்டு: சாதாரணப் பாயிண்ட் 24.3 டிகிரி, 437.5 மி.மீ. ஆரம், இடைவெளி 77.5 மி.மீ.; ஒல்லி வகை 12.1 டிகிரி, 1114.6 மி.மீ. ஆரம், இடைவெளி 64.3 மி.மீ. கிராஸ்ஓவருக்கு என்றால் ஒல்லி வகையைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். ‘என்’ (N) அளவில் காட்டோ யூனிடிராக் நம்பர் 4-இன் ஆரம் 481 மி.மீ., நம்பர் 6-க்கு 718 மி.மீ., பாதை இடைவெளி 33 மி.மீ. இங்கும் 6-தான் என் தேர்வு. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டிவிடலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாம் படி: பாதை இடைவெளி

நேர்ப்பாதையில் 50.8 மி.மீ. இடைவெளி கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வளைவில் அது போதாது. நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளிவருவதால், எதிரே வரும் ரயிலை உரசும். செட்-டிராக்கில் 67 மி.மீ. வைத்திருப்பதற்கு இதுவே காரணம். பலர் வளைவில் அகலமாக வைத்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் நெருக்கிக்கொள்வார்கள்.

கிராஸ்ஓவர் இருக்கும் இடத்தில் இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் இன்னொரு லாபம் உண்டு. 60 மி.மீ. இடைவெளியில் நம்பர் 6 போட்டால், ஃப்ராக்குகளுக்கு நடுவே உள்ள தூரம் 10.5-இலிருந்து 16 செ.மீ.யாகக் கூடிவிடுகிறது. பெக்கோ ஸ்ட்ரீம்லைனில் இரண்டு பாயிண்ட்களுக்கு நடுவே 44 மி.மீ. நேர்த்துண்டு ஒன்றைச் செருகினால் இடைவெளி 60 ஆகும், 78 மி.மீ. செருகினால் 67 ஆகும். தடம்புரண்ட பெட்டியை எடுக்க விரலும் நுழையும். பிளாட்பாரத்தை ஒட்டி அகலம் கொஞ்சம் துருத்தித் தெரியும்தான்; ஓடாத அழகைவிட ஓடுகிற அகலம் மேல் என்பேன்.

நான்காம் படி: இடக்கையா, வலக்கையா?

புதியவர்கள் அதிகமாக ஏமாறும் இடம். கிராஸ்ஓவருக்கு ஒரே கைப் பாயிண்ட்கள் இரண்டு வேண்டும்: இரண்டும் இடது அல்லது இரண்டும் வலது. இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக வாங்கினால் கிராஸ்ஓவர் வராது. இங்கே பலரும் பாயிண்ட்டை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கிறார்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்த பிறகு கை மாறிய பாயிண்ட்டைத் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். கை தெரிய, பிளேடு இருக்கும் முனையில் நின்று ஃப்ராக் பக்கம் பாருங்கள். கிளை இடப்பக்கம் போனால் இடது. வலப்பக்கம் போனால் வலது.

எந்தக் கையை வாங்குவது என்பது உங்கள் ரயில்கள் ஓடும் முறையைப் பொறுத்தது. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் இரட்டைப் பாதையில் பொதுவாக ரயில் இடப்பக்கம் ஓடும். அங்கே வலக்கைப் பாயிண்ட்கள் இரண்டைப் போட்டால், ஓடிவரும் ரயில் நேராகவே அடுத்த பாதைக்குத் திரும்பிவிடும். பிளேடு ரயிலை எதிர்கொண்டு நிற்பதால் இதை ஃபேசிங் கிராஸ்ஓவர் என்பார்கள். இடக்கைப் பாயிண்ட்கள் இரண்டைப் போட்டால், ரயில் முழுதாகக் கடந்துபோய் நின்று, பின்னோக்கி வந்துதான் அடுத்த பாதைக்கு மாற முடியும். இது டிரெய்லிங். வலப்பக்கம் ஓடும் அமெரிக்க லேஅவுட்டுக்கு இது அப்படியே தலைகீழ்.

பிளேடு சரியாக ஒட்டாமல் நின்றால் ஃபேசிங் பாயிண்ட்டில் வண்டி இரண்டு பாதைக்கும் நடுவே புகுந்துவிடும் அபாயம் உண்டு என்பதால், பழைய பிரிட்டிஷ் ரயில்வேக்கள் மெயின் லைனில் முடிந்தவரை டிரெய்லிங் கிராஸ்ஓவரையே விரும்பின. சரித்திரம் பார்த்து அமைக்கிறவர்கள் அதைப் பின்பற்றலாம். வீட்டில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ரயிலை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு ஃபேசிங்தான் உற்சாகம். அதைவிட நல்லது, லேஅவுட்டின் ஒரு நீளப் பக்கத்தில் இடக்கை, எதிர்ப்பக்கத்தில் வலக்கை என்று இரண்டு தனித்தனிக் கிராஸ்ஓவர் போடுவது.

இரண்டையும் ஓரிடத்தில் பின்னி எக்ஸ் வடிவில் வைக்கும் இரட்டைக் கிராஸ்ஓவரும் கிடைக்கிறது. காட்டோவின் ‘என்’ (N) அளவு இரட்டைக் கிராஸ்ஓவர் 310 மி.மீ.க்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. மோட்டாரும் உள்ளேயே இருக்கிறது. டெர்மினஸ் மாதிரி நீளம் கிடைக்காத இடத்துக்கு அது சரி. தனித்தனித் துண்டுகளால் அதைக் கட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் முதல் லேஅவுட்டிலேயே இறங்காதீர்கள். நடுவே டைமண்ட் கிராசிங், நாலு பாயிண்ட், அத்தனைக்கும் காப்பு இணைப்பு என்று ஒயரிங் கழுத்தை நெரிக்கும்.

ஐந்தாம் படி: ஃப்ராக்கில் மின்சாரம்

ஃப்ராக்கில் எதிரெதிர் மின்முனை கொண்ட தண்டவாளங்கள் சந்திக்கின்றன. இதைச் சமாளிக்க மூன்று வழிகள். பிளாஸ்டிக் ஃப்ராக், பெக்கோ மொழியில் இன்சுல்ஃப்ராக்: அந்த இடத்தில் மின்சாரமே இல்லை. உலோக ஃப்ராக், அதாவது எலெக்ட்ரோஃப்ராக்: பாயிண்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப ஃப்ராக்கின் மின்முனையும் மாறும். மூன்றாவது, அண்மைக்கால யூனிஃப்ராக்: ஃப்ராக் முனை உலோகம், ஆனால் தனித்து நிற்கும்; சும்மாவும் விடலாம், பிறகு ஒயர் கொடுத்து உயிரூட்டவும் செய்யலாம்.

கிராஸ்ஓவரில் ரயில் அடுத்தடுத்து இரண்டு ஃப்ராக்கைத் தாண்டுகிறது, அதுவும் மெதுவாக. ஆறு அச்சு டீசல் இன்ஜினுக்குப் பிளாஸ்டிக் ஃப்ராக் ஒரு பொருட்டே இல்லை. நாலு சக்கர ஷன்ட்டருக்கோ அது மரணக் குழி. உங்களிடம் குட்டி இன்ஜின் இருந்தால் யூனிஃப்ராக் அல்லது எலெக்ட்ரோஃப்ராக் வாங்குங்கள். பெரிய இன்ஜின்கள் மட்டும் என்றால் பிளாஸ்டிக் ஃப்ராக்கே ஒயரிங் தொல்லையில்லாமல் ஓடும். அதில் ஒரு சின்னச் சிக்கல் வரலாம்: ஃப்ராக் முனையை ஒட்டி இரண்டு தண்டவாளங்களும் மிக நெருங்கும் இடத்தில், அகலமான உலோகச் சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு, கண் இமைக்கும் நேரம் ஷார்ட் ஆகும். பழைய கன்ட்ரோலர் அதைக் கண்டுகொள்ளாது. டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த முனையில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாக ஒரு கோடு இழுத்து உலரவிட்டால் சரியாகிவிடும். தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டியதுதான்.

எலெக்ட்ரோஃப்ராக் என்றால், இரண்டு பாயிண்ட்கள் சேரும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் காப்பு ஜாயினர் கட்டாயம். ஒன்றில் போட்டால் போதாது. கிராஸ்ஓவரின் இடத் தண்டவாளம் ஒரு பாயிண்ட்டின் ஃப்ராக்கிலிருந்து வந்து அடுத்ததன் ஸ்டாக் ரெயிலில் போய்ச் சேருகிறது. வலத் தண்டவாளம் அதற்கு நேர்மாறாகப் போகிறது. ஒவ்வொரு தண்டவாளத்தின் ஒரு முனையும் ஒரு ஃப்ராக்கோடு ஒட்டியிருப்பதால், காப்பு இல்லாவிட்டால் ஒரு பாயிண்ட்டைத் திருப்பி மற்றதைத் திருப்பாமல் விட்ட அந்த நொடியே ஷார்ட்.

பிளாஸ்டிக் ஃப்ராக்காக இருந்தாலும் அங்கே இரண்டு காப்பு ஜாயினர் போட்டுவிடுவது என் வழக்கம். இரண்டு வட்டங்களையும் மின்சாரத்தில் பிரித்துவைக்க அது உதவும். பழுது தேடும்போது பாதி வேலை மிச்சம்.

ஆறாம் படி: கன்ட்ரோலர் இணைப்பு

சாதாரண டிசி-யில் (நேர்மின்சாரத்தில்) வட்டத்துக்கு ஒரு கன்ட்ரோலர் வைத்திருப்பீர்கள். ரயில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இரண்டு கன்ட்ரோலர்களும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று முன், ஒன்று பின் என்றிருந்தால், சக்கரம் காப்பு ஜாயினரைத் தாண்டும் கணத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். நம்பகமான வழி, ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஆஃப் உள்ள ஒரு டிபிடிடி சுவிட்ச் (இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இரு பக்கமும் மாற்றுவது) வைத்து, எந்த வட்டத்தையும் எந்தக் கன்ட்ரோலரிலும் இணைக்க வகை செய்வது. மாறப்போகும் ரயிலுக்கு இரண்டு வட்டங்களையும் ஒரே கன்ட்ரோலரில் விட்டு, மாறி முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவருக்கு இந்த சுவிட்ச், ஒயர், டெர்மினல் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

டிசிசி-யில் திசைப் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு வட்டங்களின் வெளித் தண்டவாளங்களும் ஒரே ஒயரில் சேர்ந்திருக்க வேண்டும். வெளித் தண்டவாளங்கள் எல்லாம் சிவப்பு, உள்தண்டவாளங்கள் எல்லாம் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க, இரண்டு பாயிண்ட்களையும் கிராஸ்ஓவருக்குத் திருப்பிவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, காப்பு ஜாயினரின் இருபுறமும் அதே தண்டவாளத்தைத் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. முழு வோல்ட்டும் காட்டினால் ஒரு வட்டத்தில் ஒயர் மாறியிருக்கிறது.

பாயிண்ட்டைத் திருப்புவது: இரண்டும் சேர்ந்து திரும்பட்டும்

கிராஸ்ஓவரின் இரண்டு பாயிண்ட்களில் ஒன்று நேராகவும் மற்றது கிளைக்கும் நிற்பதால் யாருக்கும் பயனில்லை, விபத்துக்குத்தான் வழி. ஒரே சுவிட்சில் இரண்டும் திரும்பட்டும். பெக்கோ பிஎல்-10 போன்ற காயில் மோட்டார்கள் ஒரு நொடி மின்சாரத்தில் படக்கென்று அடிப்பவை. இரண்டை ஒன்றாக அடிக்கக் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் விடும் கருவி) இல்லாமல் முடியாது. அழுத்தும் பொத்தானில் விரல் சிக்கிக் காயில் கருகுவதையும் அது தடுக்கும். சர்க்யூட்ரான் டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார்கள் விலை கூட. மின்சாரத்தைச் சொட்டுச்சொட்டாகத்தான் குடிக்கும், ஃப்ராக்கின் மின்முனையை மாற்றும் கான்டாக்ட்டும் உள்ளேயே உண்டு. எலெக்ட்ரோஃப்ராக் வாங்கியவர் இதையே பார்ப்பது நல்லது. பெக்கோ பாயிண்ட்டின் டை பாரில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை இதற்காகக் கழற்ற வேண்டிவரும். கை எட்டும் இடத்தில் கிராஸ்ஓவர் இருந்தால் மோட்டாரே வேண்டாம்; அந்த ஸ்பிரிங் பிளேடைப் பிடித்துக்கொள்ளும், விரலால் தள்ளினால் போதும்.

ஒட்டுவதற்கு முன்

நிறுவனங்கள் பாயிண்ட்டின் முழு அளவுப் படத்தை இணையத்தில் தருகின்றன. வாங்குமுன்பே அச்செடுத்துப் பலகையில் விரித்துப் பாருங்கள். அச்சு எந்திரம் அளவைச் சுருக்கிவிடவில்லை என்று அளவுகோலால் ஒருமுறை சரிபார்த்த பிறகு. கிராஸ்ஓவருக்கு முன்னும் பின்னும் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள். வட்டத்தின் வளைவு முடிந்த கையோடு கிராஸ்ஓவர் தொடங்கினால், இரண்டு வளைவு மூன்றாகிவிடும். எவ்வளவு நல்ல பாயிண்ட் வாங்கியும் பயனில்லை. சரிவுப் பாதையிலும், பலகைகள் சேரும் இடத்திலும், அடிச்சட்டத்துக்கு நேர் மேலேயும் பாயிண்ட் வரக் கூடாது. அடிச்சட்டம் குறுக்கே வந்தால் மோட்டாருக்கு இடமிருக்காது. இது எல்லாம் ஒட்டிய பிறகுதான் கண்ணில் படும்.

தண்டவாளத்தின் உயரத்தையும் பார்த்து வாங்குங்கள். கோட் 100 என்றால் அங்குலத்தில் 0.100, அதாவது 2.54 மி.மீ.; கோட் 83 சுமார் 2.1, கோட் 75 சுமார் 1.9. இருக்கும் பாதை எதுவோ அதே கோட். கலக்க நேர்ந்தால் மாற்று ஜாயினர் போட்டுப் பாயிண்ட்டுக்குத் தள்ளி இணையுங்கள்.

பாயிண்ட்டைக் கையில் வாங்கியதும் ஒரு இரும்புத் தட்டையோ கண்ணாடியையோ அடியில் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் அளவுத் தகடு ஒன்று வாங்கிவைத்தால் தண்டவாள இடைவெளி, ஃப்ராக் பள்ளம், செக் ரெயில், சக்கர இடைவெளி நான்கையும் அதிலேயே பார்த்துவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைக்கும் கருவி வேறில்லை.

பிறகு இரண்டு பாயிண்ட்களையும் பலகையில் ஊசியால் மட்டும் குத்தி நிறுத்தி, மிக நீளமான பெட்டிகள் இரண்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும், மெதுவாகவும் வேகமாகவும். டை பாருக்கு அடியில் மோட்டார் கம்பிக்கான துளையை இந்த நிலையிலேயே குறித்துப் போட்டுவிடுங்கள். ஒட்டும்போது பாயிண்ட்டின் இரு ஓரங்களில் மட்டும் பசை. பிளேடு நகரும் ஸ்லீப்பர்களில் ஒரு துளிகூட வேண்டாம். சல்லி போடும்போதும் டை பாரைச் சுற்றி வெறுமையாக விட்டு, அங்கே சாம்பல் நிறம் பூசி ஒப்பேற்றிக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் பிளைவுட் ஊதி, கோடையில் சுருங்கும்; நீளப் பாதைகளில் ஆங்காங்கே விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால், தண்டவாளம் நெளிந்து கிராஸ்ஓவரை நெருக்காது.

எல்லாம் முடிந்து ஓட்டும்போதும் ஏதாவது விழத்தான் செய்யும். எந்தப் பெட்டி, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்தால் அதன் சக்கர இடைவெளியைத் தகட்டில் வைத்துப் பாருங்கள். போகி இறுகியிருந்தால் ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். எடை குறைவென்றால் தரைப்பகுதியில் ஈயத் துண்டு ஒட்டுங்கள். பல பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றவாளி பாயிண்ட்தான்: பிளேடின் நுனி ஸ்டாக் ரெயிலில் முழுதாக ஒட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், நகத்தால் வருடினால் தட்டுப்படும் நுனியை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். கிராஸ்ஓவரில் பின்னோக்கி வரும்போது மட்டும் விழுகிறது என்றால், எடை குறைந்த பெட்டி இன்ஜினை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து, அதை ரயிலின் கடைசிக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.